அமெரிக்கக் கூட்டாட்சி நாடகத் திட்டத்தின் விளம்பர அட்டைகள் (1935–1939): அரங்க வரலாற்றுச் சான்றாக ஒரு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அமெரிக்க அரசு வேலையிழந்த நாடகக் கலைஞர்களுக்கு ஊதியம் அளித்து நடத்திய கூட்டாட்சி நாடகத் திட்டம் 1935 முதல் 1939 வரை இயங்கியது. அதன் நிகழ்த்துகைகளுக்காக அச்சிடப்பட்ட விளம்பர அட்டைகள் இன்று அழகியல் பொருள்களாகப் போற்றப்படுகின்றன. அவற்றை அரங்க வரலாற்றுக்கான முதன்மைச் சான்றுகளாக வாசிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அட்டையின் வடிவத்தை நிவாரண விதிகளும் திரை அச்சுத் தொழில்நுட்பமும் தீர்மானித்த வகை, ஆண்டு குறிக்கப்படாத அட்டைக்குக் காலம் கணிக்கும் வழி, அட்டை சொல்வனவற்றுக்கும் அரங்கில் நிகழ்ந்தவற்றுக்கும் இடையிலான தொலைவு ஆகியன இங்கு ஆராயப்படுகின்றன. விளம்பர அட்டை நிகழ்வுக்குச் சான்றாகாது, நோக்கத்துக்கே சான்றாகும் என்பது இக்கட்டுரையின் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: கூட்டாட்சி நாடகத் திட்டம், விளம்பர அட்டை, திரை அச்சு, வாழும் செய்தித்தாள், அரங்க ஆவணம், காலக்கணிப்பு.

1. முன்னுரை

நாடகம் நிகழும்போதே மறையும் கலை. பின்வரும் ஆய்வாளருக்கு எஞ்சுவன அதன் துணைப்பொருள்களே: நாடகப் பிரதி, நெறியாளரின் குறிப்பேடு, ஒளிப்படம், கணக்கேடு, இதழ் மதிப்புரை, விளம்பரம். இவற்றுள் விளம்பரம் நெடுங்காலம் கடைசி இடத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. பிரதி இலக்கியமாகவும் மதிப்புரை திறனாய்வாகவும் கொள்ளப்பட, விளம்பரம் நாள் கடந்ததும் எறியத்தக்க தாள் என்றே கருதப்பட்டது. கூட்டாட்சி நாடகத் திட்டத்தின் விளம்பர அட்டைகள் இதற்கு நேர்மாறான ஊழைப் பெற்றுள்ளன. அவை அளித்த அழைப்பு மறக்கப்பட்டு, அவற்றின் வண்ணமும் வடிவமும் மட்டும் கொண்டாடப்படுகின்றன. மறுஅச்சாகச் சுவர்களில் தொங்கும் அட்டையைக் காண்போர் பலர், அதில் குறிக்கப்பட்ட நாடகம் எது, அதில் நடித்தோர் யார், அந்த மாலையில் அந்த அரங்கில் என்ன நிகழ்ந்தது என்ற வினாக்களை எழுப்புவதில்லை.

புறக்கணிப்பு, கொண்டாட்டம் என்னும் இவ்விரு நிலைகளிலும் அட்டை தன் ஆவணத் தன்மையை இழக்கிறது. அத்தன்மையை மீட்பதற்கு, அட்டை யாரால், எவ்விதிகளின்கீழ், எம்முறையில், எதற்காக உருவாக்கப்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டும். அதன்பின் அதன் கூற்றுகளைப் பிற சான்றுகளோடு ஒப்பிட வேண்டும். இக்கட்டுரை அவ்வரிசையிலேயே அமைகிறது.

2. சொல்லும் பொருளும்

இவ்வகை அச்சுப்பொருளைத் தமிழில் ‘சுவரொட்டி’ எனச் சுட்டுவது வழக்கம். சுவரில் ஒட்டப்படுவது என்னும் செயல் அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. பசை, சுவர், தெரு, தொலைவிலிருந்து நோக்கும் கண் ஆகியன அச்சொல்லோடு நம் மனத்தில் எழுகின்றன. கூட்டாட்சி நாடகத் திட்டத்தின் அச்சுப்பொருள்களுள் பெரும்பகுதி இவ்வகையைச் சாராது. அவை ஏறத்தாழ 22 அங்குல உயரமும் 14 அங்குல அகலமும் கொண்ட கனத்த அட்டைகள். கடைகளின் கண்ணாடிச் சன்னல்களிலும் அரங்கின் முகப்புக் கூடத்திலும் பொது இடங்களின் அறிவிப்புப் பகுதிகளிலும் நிறுத்தி வைப்பதற்கு உரியவை.

இவ்வேறுபாடு வாசிப்பைப் பாதிக்கிறது. சுவரொட்டி தொலைவிலிருந்து காணப்படுவதாதலால் உருவத்தையும் தலைப்பையும் மட்டும் நம்பியிருக்கும். சன்னல் அட்டையோ நடந்து செல்பவர் நின்று, கை நீளத் தொலைவில் வாசிப்பது. ஆகவே பெரிய உருவமொன்றும் தலைப்பும் பார்வையை ஈர்க்க, அரங்கின் பெயர், தெரு, நாள், நேரம், கட்டணம், நடத்தும் அமைப்பு ஆகிய சிறு வரிகள் அடியில் இடம்பெறுகின்றன. அரங்க வரலாற்றாளருக்கு இச்சிறு வரிகளே முதன்மையானவை. இக்காரணத்தால் இக்கட்டுரையில் ‘விளம்பர அட்டை’ அல்லது ‘அட்டை’ என்ற சொல்லே ஆளப்படுகிறது.

3. திட்டத்தின் தோற்றமும் விதிகளும்

1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் 1933-ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரை வேலையற்றவராக்கியது. நாடகத் தொழிலுக்கு அது இரட்டை அடி. 1920-களின் இறுதியில் வந்த பேசும் படம் அரங்குகளைத் திரைக்கொட்டகைகளாக மாற்றத் தொடங்கியிருந்தது. ‘வாடெவில்’ எனப்பட்ட பல்சுவை மேடைக் கலைஞர்களும், திரையரங்குகளில் மௌனப் படங்களுக்கு இசைத்து வந்த இசைஞர்களும் பெருமந்தத்துக்கு முன்னரே வாழ்வு இழக்கலாயினர்.

1935 மே 6-ஆம் நாள் குடியரசுத்தலைவர் பிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் ஆணையால் பணி முன்னேற்ற நிருவாகம் தோற்றுவிக்கப்பட்டது. டபிள்யூ.பி.ஏ. என்னும் முதலெழுத்துகளால் அறியப்பட்ட இவ்வமைப்புக்கு ஹாரி ஹாப்கின்ஸ் தலைமை ஏற்றார். சாலையும் பாலமும் அமைப்போருக்கு வேலை தரும் அரசு, ஓவியருக்கும் நடிகருக்கும் அவரவர் தொழிலிலேயே வேலை தர வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. அதன்படி ஓவியம், இசை, நாடகம், எழுத்து, வரலாற்று ஆவணக் கணக்கெடுப்பு ஆகிய பிரிவுகள் ‘கூட்டாட்சித் திட்டம் எண் ஒன்று’ என்ற பெயரில் அமைந்தன. நாடகப் பிரிவின் இயக்குநராக வாசர் கல்லூரியில் நாடகம் பயிற்றுவித்து வந்த ஹாலி ஃபிளனகன் 1935 ஆகஸ்டு 27-இல் பொறுப்பேற்றார்.

அட்டைகளைப் புரிந்துகொள்ள இத்திட்டத்தின் இரு விதிகள் இன்றியமையாதவை. முதலாவது, பணியமர்த்தப்படுவோருள் மிகப் பெரும்பான்மையினர், பொதுவாகப் பத்தில் ஒன்பதின்மர், அரசின் நிவாரணப் பட்டியலில் இடம்பெற்றவராக இருக்க வேண்டும். இரண்டாவது, ஒதுக்கப்பட்ட பணத்தின் மிகப் பெரும் பகுதி ஊதியமாகவே செலவழிக்கப்பட வேண்டும். எனவே திட்டத்திடம் ஆட்கள் மிகுந்திருந்தனர். பொருள்களுக்கான பணமோ குறைந்தே இருந்தது. வணிக அரங்கில் இந்நிலை தலைகீழானது. கைத்திறன் மிகுதியாகவும் மூலப்பொருள் குறைவாகவும் வேண்டும் ஒரு கலைமுறையே இத்திட்டத்துக்குப் பொருந்தும். திரை அச்சு அத்தகையது.

உச்ச காலத்தில் இத்திட்டத்தில் 12,000-க்கும் மேற்பட்டோர் பணிபுரிந்தனர். நான்காண்டுகளில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இதன் நிகழ்ச்சிகளைக் கண்டனர் என மதிப்பிடப்படுகிறது. செவ்வியல் நாடகங்கள், புதிய நாடகங்கள், குழந்தை நாடகங்கள், பொம்மலாட்டம், சர்க்கஸ், பல்சுவை நிகழ்ச்சிகள் என அவை விரிந்தன. ஆங்கிலத்தோடு இத்திஷ், ஸ்பானியம் முதலிய மொழிகளிலும் நாடகங்கள் நிகழ்ந்தன. பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் பெறப்பட்ட இடங்களிலும் அது வணிக அரங்கின் கட்டணத்தைவிட மிகக் குறைவு. மேடை நாடகத்தை முன்பு கண்டிராதோரே இவ்வரங்கின் எதிர்பார்ப்புக்குரிய பார்வையாளர் ஆதலால், அட்டை என்பது அவர்களுக்கு அரங்கின் வாயிலாக அமைந்தது.

4. அட்டை உருவான முறை

அட்டைகளை வரைந்து அச்சிட்டவர்கள் பெரும்பாலும் நாடகத் திட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். உடன்பிறப்பான கூட்டாட்சி ஓவியத் திட்டத்தின் அட்டைப் பிரிவினர். நாடகத்துக்கு மட்டுமன்றி உடல்நலம், கல்வி, சுற்றுலா, கண்காட்சி ஆகியவற்றுக்கும் இவர்களே அட்டைகள் ஆக்கினர். நியூயார்க் நகரப் பிரிவுக்கு ரிச்சர்ட் ஃப்ளோத்தே தலைமை ஏற்றிருந்தார். ஜெர்மனியில் பிறந்து அங்குள்ள பௌஹவுஸ் பள்ளியில் பயின்ற அவர், பயன்பாட்டுப் பொருளுக்கும் கலைக்கும் இடையே வேலி வேண்டியதில்லை என்னும் அப்பள்ளியின் கொள்கையை உடன் கொண்டுவந்தவர்.

தொடக்கத்தில் நியூயார்க் நகரில் அட்டைகள் ஒவ்வொன்றாகக் கையால் வரையப்பட்டன. ஐம்பது அட்டை வேண்டுமெனில் அதே படத்தை ஐம்பது முறை வரைய வேண்டும். இந்நிலையை மாற்றியவர் ஆந்தனி வெலோனிஸ். வணிக விளம்பரப் பலகைகளுக்குப் பயன்பட்டுவந்த பட்டுத்திரை அச்சு முறையை அவர் அட்டைப் பிரிவில் அறிமுகப்படுத்தினார். அம்முறையை விளக்கி அவர் எழுதிய கையேடு பிற மாநிலப் பிரிவுகளுக்கும் அனுப்பப்பட்டது. இம்முறையால் ஒரு நாளைக்கு 600 அட்டைகள் வரை அச்சிட முடிந்தது.

முறை எளிது. மரச்சட்டத்தில் பட்டுத்துணி இறுக்கிக் கட்டப்படும். வண்ணம் இறங்கக் கூடாத பகுதிகள் வெட்டிய தாளாலோ பசையாலோ அடைக்கப்படும். சட்டத்தை அட்டையின் மீது வைத்து, ரப்பர் விளிம்புடைய பலகையால் வண்ணக்குழம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுப்பர். அடைபடாத இடங்களின் வழியே வண்ணம் அட்டையில் படியும். ஒரு வண்ணத்துக்கு ஒரு திரை. நான்கு வண்ணமுள்ள அட்டை நான்கு முறை திரையின் கீழ் செல்லும். ஒவ்வொரு முறையும் முந்தைய வண்ணம் உலர்ந்திருக்க வேண்டும், புதிய வண்ணம் அதன் எல்லையோடு பிசகாமல் பொருந்த வேண்டும்.

இவ்வட்டைகளின் அழகியலாக இன்று பேசப்படுபவற்றுள் பல இம்முறையின் விளைவுகள். நிழலும் ஒளியும் படிப்படியாக மாறும் ஓவியத்தைத் திரை அச்சில் கொணர்வது கடினம். தெளிவான விளிம்புடைய தட்டையான வண்ணப் பரப்பு எளிது. ஒவ்வொரு கூடுதல் வண்ணமும் ஒரு கூடுதல் திரை, ஒரு கூடுதல் நாள் உழைப்பு. ஆகவே வடிவமைப்பாளர் அட்டையின் நிறத்தையே ஒரு வண்ணமாகப் பயன்படுத்தினர். ஒரு வண்ணத்தின் மேல் மற்றொன்றைப் படியவிட்டு மூன்றாவதைப் பெற்றனர். எழுத்துகள் கையால் வெட்டப்பட்டமையால் நேர்கோடும் வட்டமும் கொண்ட தடித்த எழுத்துருக்கள் மிகுந்தன. ஐரோப்பிய நவீன ஓவியத்தின் தாக்கம் இவற்றில் உண்டு என்பது உண்மை. ஆயினும் அத்தாக்கம் இத்துணை விரைவாகப் பரவியதற்கு, அப்பாணியே கைக்கருவிக்கு இசைந்திருந்தமை முதன்மைக் காரணம். பாணியை மட்டும் கருதி ஓர் அட்டையை ஒரு குறிப்பிட்ட ஓவியருக்கு உரியதாக்குவது ஆகவே ஆபத்தானது. ஒரே கருவியைப் பயன்படுத்திய பலரிடமும் அப்பாணி தோன்றியிருக்கக் கூடும்.

5. அட்டையின் உறுப்புகளும் காலக்கணிப்பும்

அட்டையின் கூற்றுகளை நான்காகப் பகுக்கலாம்: நடத்துவோரின் பெயர், நாடகத்தின் பெயர், இடமும் காலமும், அச்சிட்டோரின் குறிப்பு.

முதலாவதான நடத்துவோர் குறிப்பு, நிகழ்ச்சியை அளிப்பது கூட்டாட்சி நாடகத் திட்டம் என்றும் அது பணி முன்னேற்ற நிருவாகத்தின் பிரிவு என்றும் அறிவிக்கும். வணிக நாடகத்தில் தயாரிப்பாளரின் பெயரும் முதன்மை நடிகரின் பெயரும் நிற்கும் இடத்தில் இங்கே அரசமைப்பின் பெயர் நிற்கிறது. நடிகர் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வார ஊதியம், நியூயார்க் நகரில் ஏறத்தாழ 23 டாலர், பெரும்பாலோருக்கும் ஒன்றாகவே இருந்த அமைப்பில், விளம்பரத்தில் தனித்து நிற்கும் நட்சத்திரத்துக்கு இடமில்லை.

முழுப்பெயர் காலத்தைக் கணிக்கவும் உதவும். 1939-ஆம் ஆண்டின் நடுவில் இந்நிருவாகத்தின் பெயர் ‘பணித்திட்ட நிருவாகம்’ என்று பொருள்படும் வகையில் மாற்றப்பட்டது. ஆங்கிலத்தில் முதலெழுத்துகள் மாறாமையால் டபிள்யூ.பி.ஏ. என்ற குறியை மட்டும் கொண்டு இரு காலங்களையும் பிரிக்க இயலாது. முழுப்பெயர் இருப்பின் பிரிக்கலாம். நாடகத் திட்டம் 1939 ஜூன் 30-இல் முடிந்தமையால் அதன் அட்டைகளில் பழைய பெயரே இருத்தல் வேண்டும்.

மூன்றாவதான காலக்குறிப்பில் ஒரு சிக்கல் உண்டு. பல அட்டைகள் மாதத்தையும் நாளையும் தருகின்றன, ஆண்டைத் தருவதில்லை. அடுத்த வாரம் காணப்போகும் நாடகத்துக்கு ஆண்டு வேண்டியதில்லை. ஆயினும் கிழமை குறிக்கப்பட்டிருப்பின் இச்சிக்கல் தீரும். 1935 ஆகஸ்டு முதல் 1939 ஜூன் வரையிலான இத்திட்டத்தின் ஆயுளில், ஒரு குறிப்பிட்ட மாதத்தின் குறிப்பிட்ட நாள் எந்த இரண்டு ஆண்டுகளிலும் ஒரே கிழமையில் வருவதில்லை. சான்றாக ஏப்ரல் 14 என்பது 1936-இல் செவ்வாய், 1937-இல் புதன், 1938-இல் வியாழன், 1939-இல் வெள்ளி. எனவே ‘செவ்வாய், ஏப்ரல் 14’ என்று மட்டும் சொல்லும் அட்டை 1936-ஆம் ஆண்டுக்குரியது என ஐயமின்றி முடிவு செய்யலாம். நீண்ட காலம் இயங்கிய குழுக்களின் விளம்பரங்களுக்கு இம்முறை மட்டும் போதாது. இத்திட்டத்தின் குறுகிய ஆயுளே இதனை இங்கு உறுதியான கருவியாக்குகிறது.

6. மூன்று அட்டைச் சூழல்கள்

6.1 ‘மேக்பெத்’, 1936

ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகம் 1936 ஏப்ரல் 14-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள லஃபாயெத் அரங்கில் தொடங்கியது. ஜான் ஹவுஸ்மன் தலைமையிலான கறுப்பினத்தவர் நாடகப் பிரிவுக்காக இதனை நெறியாண்டவர் அப்போது 20 வயதினரான ஆர்சன் வெல்ஸ். கதைக்களம் ஸ்காட்லாந்திலிருந்து கரீபியத் தீவொன்றுக்கு மாற்றப்பட்டு, சூனியக்காரிகள் வூடூ வழிபாட்டுப் பூசாரிகளாயினர். நடிகர் அனைவரும் கறுப்பினத்தவர். இதற்கான அட்டையொன்று ஆந்தனி வெலோனிஸின் ஆக்கமாக அறியப்படுகிறது.

இவ்வட்டையில் அரங்க வரலாற்றாளர் நின்று நோக்க வேண்டிய வரி, பிரிவின் பெயரைக் குறிக்கும் வரி. ‘நீக்ரோ தியேட்டர்’ என்பது அக்காலத்தின் அலுவல் வழக்கு. அவ்வரி ஒரே நேரத்தில் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. வணிக அரங்கில் பெரும்பாலும் வேலைக்காரராகவும் கோமாளியாகவும் வேடம் பெற்றுவந்த கறுப்பின நடிகருக்கு ஷேக்ஸ்பியரின் அரசனாக நடிக்க அரசு ஊதியம் அளித்தது என்பது ஒன்று. அவ்வாய்ப்பு தனிப் பிரிவு என்ற வேலிக்குள்ளேயே அளிக்கப்பட்டது என்பது மற்றொன்று. அட்டையின் அழகை மட்டும் காண்போர் முதற்செய்தியையும், விடுதலையின் கதையாக மட்டும் வாசிப்போர் இரண்டாம் செய்தியையும் தவறவிடுகின்றனர்.

இந்நாடகத்துக்கு ஒரு நற்பேறு உண்டு. 1937-இல் இந்நிருவாகமே வெளியிட்ட ‘வீ வொர்க் அகெய்ன்’ என்னும் குறும்படத்தில் இதன் இறுதிக் காட்சிகள் சில நிமிடங்கள் பதிவாகியுள்ளன. அட்டையின் வாக்குறுதியையும் மேடையின் நிகழ்வையும் அருகருகே வைத்துக் காணும் வாய்ப்பு, இத்திட்டத்தின் நாடகங்களுள் மிகச் சிலவற்றுக்கே வாய்த்தது.

6.2 ‘இட் காண்ட் ஹாப்பன் ஹியர்’, 1936

‘இங்கே அது நடக்காது’ என்று பொருள்படும் இத்தலைப்புடைய புதினத்தை சின்கிளேர் லூயிஸ் 1935-இல் வெளியிட்டார். அமெரிக்காவில் ஒரு சர்வாதிகாரி தேர்தல் வழியே ஆட்சிக்கு வந்தால் என்ன நேரும் என்பது அதன் பொருள். ஹாலிவுட் நிறுவனமொன்று அதனைப் படமாக்கத் திட்டமிட்டுக் கைவிட்டது. அதன்பின் நாடகத் திட்டம் அதனை ஏற்று, 1936 அக்டோபர் 27 மாலை பல நகரங்களில் 21 நிகழ்த்துகைகளாக ஒரே நேரத்தில் அரங்கேற்றியது. நியூயார்க்கில் இத்திஷ் மொழியிலும், ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் ஸ்பானிய மொழியிலும், சியாட்டில் நகரில் கறுப்பின நடிகர்களைக் கொண்டும் அது நிகழ்ந்தது.

டெட்ராய்ட் நகர நிகழ்த்துகைக்கான அட்டையில், துப்பாக்கி ஏந்தி ஹிட்லரின் சாயலில் வரையப்பட்ட ஓர் உருவம் அமெரிக்க வரைபடத்தின் பின்னால் நிற்கிறது. இப்படத்தின் பொருளை உணர அதே ஆண்டு ஜனவரியில் நிகழ்ந்ததை நினைவுகூர வேண்டும். இத்தாலியின் எத்தியோப்பியப் படையெடுப்பைப் பற்றிய ‘எத்தியோப்பியா’ என்ற நாடகம் நியூயார்க்கில் ஆயத்தமாகியிருந்தது. அயல்நாட்டுத் தலைவர்களை மேடையில் வேடமிட்டுக் காட்டுவதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. இதழாளர்களுக்கான முன்னோட்டக் காட்சியோடு அந்நாடகம் நின்றது. நகரத் திட்ட இயக்குநரான நாடகாசிரியர் எல்மர் ரைஸ் பதவி விலகினார். மேடையில் உயிருள்ள நடிகர் ஏற்க முடியாத உருவத்தை ஒன்பது மாதங்களுக்குப் பின் ஓர் அட்டை கடைச் சன்னலில் காட்டியது. லூயிஸின் கதையிலோ சர்வாதிகாரி அமெரிக்கரே, ஜெர்மானியர் அல்லர். அட்டை நாடகத்தின் கதையைச் சொல்லவில்லை. கதை குறிப்பால் உணர்த்தியதை வெளிப்படையாக்கியது. நாடகப் பிரதியை மட்டும் வாசிப்பவருக்கு இவ்வேறுபாடு தெரியாது. அட்டையை மட்டும் காண்பவரோ நாடகத்தையே பிழையாக உணர்வார்.

6.3 ‘தி க்ரேடில் வில் ராக்’, 1937

மார்க் பிளிட்ஸ்டைனின் இவ்விசை நாடகம் எஃகுத் தொழிலாளரின் சங்கப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டது. 1937 ஜூன் 16-ஆம் நாள் நியூயார்க்கின் மேக்ஸின் எலியட் அரங்கில் முன்னோட்டக் காட்சி அறிவிக்கப்பட்டு நுழைவுச்சீட்டுகளும் விற்பனையாகியிருந்தன. நிதிக்குறைப்பைக் காரணம் காட்டிப் புதிய நாடகங்கள் யாவும் நிறுத்தி வைக்கப்பட்டன, அரங்கு பூட்டப்பட்டது. குழுவினரும் பார்வையாளரும் தெருவழியே வெனிஸ் அரங்குக்குச் சென்றனர். மேடையில் பிளிட்ஸ்டைன் தனியே பியானோ முன் அமர, மேடையேறத் தடை பெற்றிருந்த நடிகருள் பலர் பார்வையாளர் இருக்கைகளிலிருந்து எழுந்து பாடி நடித்தனர்.

இந்நிகழ்வை விளம்பரத்தைக் கொண்டு மட்டும் வரலாறாக எழுதுவதாயின் நாள் சரியாக இருக்கும். அரங்கும் நடத்தியவரும் மேடை அமைப்பும் பிழையாகும். விளம்பரம் நோக்கத்தின் ஆவணம் என்ற கூற்றுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

7. அரசின் பெயர்: காப்பும் சுமையும்

நாடகத் திட்டத்தின் மிகத் தனித்த வடிவம் ‘வாழும் செய்தித்தாள்’. வேலையிழந்த இதழாளர்களையும் நாடகக் கலைஞர்களையும் இணைத்து, நிகழ்காலச் சிக்கலொன்றைப் புள்ளிவிவரம், ஆவணம், நடிப்பு ஆகியவற்றால் மேடையில் விளக்கும் முறை அது. 1936-இல் வேளாண் நெருக்கடி பற்றிய ‘டிரிபிள்-ஏ ப்ளவ்டு அண்டர்’, 1937-இல் மின்னாற்றல் உரிமை பற்றிய ‘பவர்’, 1938-இல் குடியிருப்புப் பற்றாக்குறை பற்றிய ‘ஒன்-தேர்டு ஆஃப் எ நேஷன்’ ஆகியன வந்தன. கடைசி நாடகத்தின் தலைப்பு, நாட்டு மக்களில் மூன்றிலொரு பகுதியினரின் வறுமையைச் சுட்டிய ரூஸ்வெல்ட்டின் 1937-ஆம் ஆண்டுப் பதவியேற்பு உரையிலிருந்து எடுக்கப்பட்டது.

இத்தகைய நாடகங்களுக்கான அட்டைகளில் தலைப்பும் அரசமைப்பின் பெயரும் அருகருகே நிற்கும்போது, அட்டை ஒரு கொள்கை அறிக்கையின் தோற்றத்தைப் பெறுகிறது. குடியரசுத்தலைவரின் சொற்றொடர் தலைப்பாகவும், அவர் தோற்றுவித்த நிருவாகம் நடத்துவோராகவும் ஒரே அட்டையில் இடம்பெறுகையில், அது நாடக விளம்பரமா ஆட்சியின் பரப்புரையா என்ற வினா எழுவது இயல்பு. எதிர்க்கருத்தினர் அவ்வினாவை எழுப்பினர். 1938-இல் மார்ட்டின் டைஸ் தலைமையில் அமைந்த நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவையின் விசாரணைக் குழு இத்திட்டத்தில் பொதுவுடைமையர் ஊடுருவியிருப்பதாகக் குற்றஞ்சாட்டியது. டிசம்பர் 6-இல் ஃபிளனகன் சான்றளித்தபோது, அவருடைய பழைய கட்டுரையொன்றில் வந்த கிறிஸ்டோபர் மார்லோவைச் சுட்டி, அவர் பொதுவுடைமையரா என உறுப்பினர் ஜோ ஸ்டார்ன்ஸ் வினவினார். மார்லோ ஷேக்ஸ்பியருக்குச் சற்று முற்பட்ட பெருநாடகாசிரியர் என்று ஃபிளனகன் விடையளித்தார். நகைப்புக்குரிய இவ்வினாவின் பின்னணியில் இருந்த ஆற்றல் நகைப்புக்குரியதன்று. 1939 ஜூன் 30-ஆம் நாளோடு திட்டத்துக்கான நிதியை நாடாளுமன்றம் நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் மீண்டும் வேலையிழந்தனர்.

அட்டையின் அடியில் நின்ற அரசமைப்பின் பெயர் நடிகருக்கு ஊதியத்தை உறுதி செய்த கையொப்பம். அதே பெயர், மேடையில் உரைக்கப்பட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் அரசை விடையிறுக்க வைத்த பிணைமுறியுமாயிற்று. அட்டைகளில் திரும்பத் திரும்ப வரும், பார்வையாளர் கடந்துசெல்லும் இவ்வொரு வரியிலேயே திட்டத்தின் தோற்றமும் முடிவும் அடங்கியுள்ளன எனலாம்.

8. எஞ்சியவையும் எஞ்சாதவையும்

நாடகம் உட்பட டபிள்யூ.பி.ஏ. அட்டைப் பிரிவுகள் அனைத்தும் சேர்ந்து 35,000 வடிவமைப்புகளில் ஏறத்தாழ 20 இலட்சம் படிகளை அச்சிட்டன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஒரு வடிவமைப்புக்குச் சராசரியாக 57 படிகள். இவற்றுள் இன்று அறியப்படுவன ஏறத்தாழ 2,000. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவமைப்பு எனக் கொண்டாலும், மொத்த வடிவமைப்புகளில் நூற்றுக்கு ஆறுக்கு மேல் எஞ்சவில்லை. ஆகவே எஞ்சிய அட்டைகளைக் கொண்டு இத்திட்டத்தில் எவ்வகை நாடகம் மிகுதி, எப்பாணி பெருவழக்கு என்று அறுதியிடுவது பொருந்தாது. அழகியவை, பெருநகரங்களைச் சார்ந்தவை, புகழ்பெற்ற நாடகங்களுக்குரியவை ஆகியன காக்கப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. பள்ளிக் கூடத்தில் ஒருநாள் நிகழ்ந்த பொம்மலாட்டத்தின் அட்டை மறைந்திருக்க வாய்ப்பு அதனினும் மிகுதி.

எஞ்சியவையும் ஓரிடத்தில் இல்லை. வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் அச்சோவிய, ஒளிப்படப் பிரிவில் 900-க்கும் மேற்பட்ட அட்டைகள் கலைப்பொருள்களாகத் தொகுக்கப்பட்டுள்ளன. நாடகத் திட்டத்தின் பிரதிகள், நெறியாளர் குறிப்பேடுகள், ஒளிப்படங்கள், ஆடை வரைவுகள் ஆகியவற்றின் வரலாறு வேறு. மறக்கப்பட்டுக் கிடந்த அவற்றை 1974-இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் லொரெய்ன் பிரவுன், ஜான் ஓ’கானர் ஆகியோர் மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் அருகே பழைய விமானக் கொட்டகையொன்றில் கண்டறிந்தனர். அப்பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் வைக்கப்பட்டிருந்து, 1990-களில் அத்தொகுப்பின் பெரும்பகுதி காங்கிரஸ் நூலகத்துக்கு மீண்டது. அது அங்கு இசைப் பிரிவின் பொறுப்பில் உள்ளது. ஒரே நாடகத்தின் அட்டை ஒரு பிரிவிலும் பிரதி மற்றொரு பிரிவிலும் இருக்க, முன்னதைக் கலை வரலாற்றாளரும் பின்னதை நாடக வரலாற்றாளரும் தனித்தனியே ஆராய்வது வழக்கமாயிற்று. மேலே கண்ட டெட்ராய்ட் அட்டை காட்டுவதுபோல், இரண்டையும் இணைத்து வாசிக்கும்போதே இரண்டும் பொருள் தருகின்றன.

எஞ்சாதவற்றுள் மிகப் பெரியது உழைத்தோரின் பெயர். வெலோனிஸ், ஃப்ளோத்தே, வேரா பாக் போன்ற சிலரின் பெயர்கள் அறியப்படினும், பல அட்டைகளில் அச்சிட்ட திட்டத்தின் பெயர் மட்டுமே உண்டு. திரையை வெட்டியவர், வண்ணம் குழைத்தவர், இழுத்து அச்சிட்டவர், உலர வைத்தவர் எனப் பலர் கை சேர்ந்து ஆன பொருளில் ஒருவர் கையொப்பம் இல்லாமை ஓரளவு இயல்பானதே. ஆயினும் பெயரில்லாத அட்டையைக் காலத்தின் பொதுப்பாணி என்று மட்டும் வகைப்படுத்துவதால், நிவாரணப் பட்டியலில் பெயர் எழுதி வேலை பெற்ற ஒரு மனிதர் இரண்டாம் முறையும் மறைக்கப்படுகிறார்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

அட்டைகளின் தட்டையான வண்ணமும் தடித்த எழுத்தும் நவீனப் பாணியின் தேர்வு மட்டுமல்ல. ஆள் மிகுந்து பொருள் குறைந்த நிவாரணத் திட்டத்துக்குத் திரை அச்சு பொருந்தியதன் விளைவுமாகும்.

ஆண்டு குறிக்கப்படாத அட்டைகளுக்கு, நாளும் கிழமையும் சேர்ந்திருப்பின், திட்டத்தின் குறுகிய ஆயுள் காரணமாக ஆண்டை ஐயமின்றிக் கணிக்கலாம். நிருவாகத்தின் முழுப்பெயர் துணைச் சான்றாகும்.

அட்டை நிகழ்வின் பதிவு அன்று. ‘தி க்ரேடில் வில் ராக்’ காட்டுவதுபோல் அறிவிக்கப்பட்டது வேறாக நிகழலாம்; ‘எத்தியோப்பியா’ காட்டுவதுபோல் நிகழாமலே போகலாம். இதழ்க் குறிப்பு, கணக்கேடு, ஒளிப்படம் ஆகியவற்றுள் ஒன்றேனும் உறுதி செய்யாதவரை, அட்டையைக் கொண்டு ஒரு நிகழ்த்துகையை வரலாற்றில் ஏற்றலாகாது.

அட்டை, நாடகப் பிரதியின் சுருக்கமும் அன்று. அது பார்வையாளருக்கு நாடகத்தை எவ்வாறு விளங்கிக்கொள்ள வேண்டும் என முன்கூட்டியே உரைக்கும் தனிப் பனுவல். பிரதிக்கும் அட்டைக்கும் இடையிலான வேறுபாடே பலவேளைகளில் மிகுந்த பயன் தரும் சான்று.

எஞ்சிய அட்டைகள் மிகச் சிறு பகுதியினவாதலின் அவற்றைக் கொண்டு முழுமையை அளக்கக் கூடாது. அவை திறக்கும் வினாக்களைக் கொண்டு பிற ஆவணங்களைத் தேடுவதே தக்கது. நாளும் கிழமையும் அரங்கும் குறித்த அச்சிறு வரிகள், ஒரு மாலையில் ஓர் இடத்தில் கூடுமாறு முன்பின் அறியாதோரை அழைத்தவை. அழைப்பை ஏற்று வந்தவர் யார், அவர்முன் நடித்தவர் யார் என்பவற்றைக் கண்டறியும் பணி அட்டையைக் கண்டெடுத்த இடத்திலிருந்தே தொடங்குகிறது.